நம்பரை நம்பலாமா?

மனிதனை மனிதன் ஏமாற்றிப் பிழைப்பது நமது நாட்டில் புதிய தொழிலல்ல. ஆனால் இதுவரையில் ஏமாற்றுகின்றவன் தன் முகத்தையாவது குரலையாவது ஊராருக்குக் காட்டியாக வேண்டியிருந்தது. வேஷம் போட்டாலும் அந்த வேஷத்தைத் தன் உடம்பின்மேல்தான் போட்டுக் கொள்ள வேண்டும். பிடிபட்டால் உதையும் அந்த உடம்புக்குத்தான் கிடைக்கும். இப்போது கிளம்பியிருக்கின்ற மோசடியிலோ திருடனுக்கு இந்தச் சிரமமும் இல்லாமற் போய்விட்டது. எப்படியென்றால், அவன் எங்கேயோ ஒரு தேசத்தில் உட்கார்ந்துகொண்டு, இராயபுரத்தில் யோக்கியமாய்ப் பிழைக்கின்ற ஒருவருடைய டெலிபோன் நம்பரைத் தன்னுடைய நம்பர்போல் காட்டி, மதுரையிலோ ஈரோட்டிலோ இருக்கின்ற மற்றொருவரைக் கூப்பிட்டு, மிரட்டியோ ஆசை காட்டியோ பணத்தைப் பிடுங்கிக்கொள்ளுகின்றான். பணம் போனவர் ஒருவர். பெயர் போனவர் மற்றொருவர். திருடனோ இருவர் கண்ணிலும் படாதவன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று நம்மவர்கள் சொல்லுவது இதற்கு மிகவும் பொருந்தும்.

இவ்விஷயத்தில் பணம் போனவரைப்பற்றிப் பத்திரிகைகள் எழுதுகின்றன. போலீசார் எச்சரிக்கை செய்கின்றார்கள். சர்க்காரும் விளம்பரம் செய்கின்றது. அது வேண்டியதுதான். ஆனால் பெயர் போனவரைப்பற்றிக் கேட்பார் இல்லை. ஆதலால் அவரைப்பற்றியே இன்று முக்கியமாய் எழுத விரும்புகின்றோம்.

ஒரு உதாரணத்தை எடுத்துக் கொள்ளுவோம். காசிமேட்டில் ஐஸ் வியாபாரம் செய்கின்ற ஒருவர் இருக்கின்றார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய செல்போன் நம்பர் படகுக்காரர்களுக்கும், லாரிக்காரர்களுக்கும், மீன் ஏலம் எடுக்கின்றவர்களுக்கும் பத்து வருஷமாய் மனப்பாடம். அதுதான் அவருக்குக் கடைப் பலகை; அதுதான் அவருக்கு விலாசம். ஒரு நாள் விடியற்காலம், படகுகள் கரை சேர்ந்து ஏலம் மும்முரமாய் நடக்கின்ற நேரத்தில், அவருக்கு ஒரு அழைப்பு வருகின்றது. “நேற்று பாங்கு மானேஜர் என்று சொல்லி என் பணத்தைப் பிடுங்கினவன் நீதானே?” என்று முன்பின் தெரியாத ஒருவர் வைகின்றார். இவர் ஒன்றும் விளங்காமல் வைத்துவிடுகின்றார். அடுத்த நிமிஷம் மற்றொருவர், பிறகு மற்றொருவர். பெண் குரல்கள், கிழவர் குரல்கள், அழுகின்ற குரல்கள். மத்தியானத்துக்குள் ஐம்பது அறுபது அழைப்புகள். ஐஸ் வேண்டுமென்று கூப்பிடுகின்ற படகுக்காரருக்கு லைன் கிடைப்பதில்லை. “அண்ணே, சத்தியமாய் நான் யாரையும் கூப்பிடவில்லை” என்று இவர் சொன்னால், “உன் நம்பர்தானே என் போனில் இருக்கின்றது, அது பொய் சொல்லுமா?” என்று எதிரே இருப்பவர் கேட்கின்றார்.

இதற்குமேல் அக்கம்பக்கத்தார் சொல்லுகின்ற சமாதானங்கள் இருக்கின்றனவே, அவை இந்த வசவைவிடக் கொடியவை. “நெருப்பில்லாமல் புகையுமா?” என்று ஒருவர் சொல்லுவார். “உனக்கு நேரம் சரியில்லை” என்று மற்றொருவர் சொல்லுவார். “நம்பரின் கூட்டுத்தொகை உன் பிறந்த தேதிக்கு ஒத்துவரவில்லை, வேறு நம்பர் வாங்கு” என்று எண்ஜோதிடக்காரர் சொல்லுவார். தோழர்களே! கூட்டுத்தொகை பார்த்து, அதிர்ஷ்ட நம்பர் என்று அதிக விலை கொடுத்து வாங்குகின்றவர்கள் நம் பட்டணத்திலேயே ஏராளமாய் இருக்கின்றார்கள். அவர்களை ஒரு கேள்வி கேட்கின்றோம். நீங்கள் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய அதே அதிர்ஷ்ட நம்பரைத் திருடன் ஒரு காசு கொடுக்காமல் எடுத்துப் போட்டுக்கொள்ளுகின்றானே, அப்போது அந்த அதிர்ஷ்டம் யாருக்கு வேலை செய்கின்றது? உங்களுக்கா, அவனுக்கா?

நம்பர் என்பது என்ன?

நிற்க, செல்போனின் முகத்தில் தெரிகின்ற நம்பர் என்பது என்ன, அது எப்படி அங்கே வருகின்றது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரிந்தால் பாதிப் பயமும் பாதி ஏமாற்றமும் ஒழிந்துவிடும்.

ஒரு தபால் கவரை எடுத்துக் கொள்ளுங்கள். அதில் ‘பெறுநர்’ என்ற இடத்தில் சரியான விலாசம் எழுதினால்தான் கடிதம் போய்ச் சேரும். ஆனால் ‘அனுப்புநர்’ என்ற இடத்தில் எதை எழுதினாலும் கடிதம் போய்ச் சேர்ந்துவிடும். இராயபுரத்திலிருந்து எழுதுகின்றவன் ‘கலெக்டர் ஆபீசு’ என்று எழுதினாலும், தபாலாபீசில் முத்திரை குத்தி அனுப்புவார்களே அல்லாமல், நீ கலெக்டர்தானா என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். முத்திரையைப் பார்த்துவிட்டுப் பெறுகின்றவர், சர்க்கார் முத்திரை இருக்கின்றதே, ஆகையால் உள்ளே இருப்பதும் உண்மை என்று நினைத்தால் அது யாருடைய குற்றம்?

டெலிபோன் சங்கதியும் ஏறக்குறைய இதுதான். ஒரு எக்ஸ்சேஞ்சு மற்றொரு எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு அழைப்பை ஒப்படைக்கும்போது, ‘இது இன்ன நம்பரிலிருந்து வருகின்றது’ என்று ஒரு குறிப்பையும் கூடவே ஒப்படைக்கின்றது. அந்தக் குறிப்பைத்தான் உங்கள் செல்போன் காட்டுகின்றது. சென்னையில் 1882-இல் முதல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சு ஏற்பட்டபோது சந்தாதாரர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். கம்பியை மாற்றிக் கொடுத்தவரும் மனிதர்தான். பேசுகின்றவர் இன்னார் என்று அவருக்கே தெரியும். பிறகு யந்திர எக்ஸ்சேஞ்சு வந்த காலத்திலும் அவையெல்லாம் ஒரு சர்க்கார் இலாகாவின் கையிலோ, ஒன்றையொன்று நன்கு அறிந்த சில கம்பெனிகளின் கையிலோ இருந்தன. ஆதலால் ஒருவர் எழுதிக் கொடுத்த குறிப்பை மற்றவர் சந்தேகிக்க வேண்டிய அவசியம் நேரவில்லை. இன்றைக்கோ கம்ப்யூட்டரிலிருந்தும் இன்டர்நெட் வழியாய் டெலிபோனுக்குப் பேசலாம். உலக முழுவதும் எத்தனையோ கம்பெனிகள், தரகர்கள், தரகருக்குத் தரகர்கள் இந்த அழைப்புகளைக் கைமாற்றிவிடுகின்றார்கள். இவர்களில் யோக்கியப் பொறுப்பில்லாத ஒருவன் இருந்தாலும் போதும். அந்தக் குறிப்பில் எந்த நம்பரை வேண்டுமானாலும் எழுதி உள்ளே தள்ளிவிடலாம். வாங்குகின்ற கம்பெனி அதை அப்படியே உங்கள் கையில் கொடுத்துவிடுகின்றது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது என்னவென்றால், திருடன் உங்கள் நம்பரைக் காட்டுவதற்கு உங்கள் செல்போனைத் தொட வேண்டியதில்லை. சிம் கார்டைத் திருட வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பக்கம் வர வேண்டியதுமில்லை. நம்பர் என்பது கூப்பிடுகின்றவன் தன்னைப்பற்றித் தானே சொல்லிக்கொள்ளுகின்ற ஒரு வார்த்தை. அது சாட்சியுமல்ல; கைநாட்டுமல்ல.

எம்டன் போட்ட வேஷம்

இந்த வித்தை இராயபுரத்தாருக்கும் துறைமுகத்தாருக்கும் புதிதல்ல என்றே சொல்லலாம். 1914-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 22-ந் தேதி இரவு எம்டன் என்ற ஜெர்மன் யுத்தக் கப்பல் நமது துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போயிற்று. ஐக்கோர்ட்டு மதிலில் இதற்காக ஒரு கல்வெட்டே இருக்கின்றது. அன்று முதல் ‘அவன் பெரிய எம்டன்’ என்று சொல்லுவது நம் பாஷையில் ஒரு வழக்காகவே ஆகிவிட்டது. ஆனால் எம்டன் செய்த தந்திரங்களில் நம் விஷயத்துக்கு வேண்டியது பினாங்கில் நடந்ததாகும்.

எம்டன் கப்பலுக்குப் புகைபோக்கிகள் மூன்று. அந்தக் கடலில் அதைத் தேடிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் கப்பல்களில் யார்மத் போன்றவற்றுக்குப் புகைபோக்கிகள் நான்கு. எம்டன்காரர்கள் என்ன செய்தார்கள்? மரத்தாலும் கான்வாஸ் துணியாலும் நான்காவது புகைபோக்கி ஒன்றைப் பொய்யாய்க் கட்டி நிறுத்தினார்கள். 1914 அக்டோபர் 28-ந் தேதி விடியற்காலம் அந்த வேஷத்தோடு பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தார்கள். நான்கு புகைபோக்கி இருக்கின்றது, ஆகையால் நம்முடைய கப்பல்தான் என்று நினைத்துச் சும்மா இருந்தவர்கள், உண்மை தெரிந்துகொள்ளுவதற்குள் அங்கே நின்றிருந்த ஜெம்சுக் என்ற ருஷியக் கப்பல் கடலுக்குள் போய்விட்டது.

அங்கே காவலிருந்தவர்கள் நம்பியது எதை? கப்பலையா? அல்ல, ‘நான்கு’ என்கின்ற நம்பரை. கான்வாஸ் துணிக்கும் இரும்புக்கும் பேதம் பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தார்கள். சரி, இதற்காக மறுநாள் யாராவது யார்மத் கப்பலின் மாலுமிகளைப் பிடித்து, ‘நீங்கள்தான் பினாங்கைத் தாக்கினீர்கள், உங்கள் புகைபோக்கியை நாங்கள் கண்ணால் பார்த்தோம்’ என்று உதைத்தால் அது எவ்வளவு பைத்தியக்காரத்தனம்? காசிமேட்டு ஐஸ் வியாபாரியைக் கூப்பிட்டு வைகின்றதும் அதே பைத்தியக்காரத்தனந்தான் என்பதில் என்ன சந்தேகம்?

அடையாளத்தைக் கண்டு அடங்குவது

இனி, இப்பேர்ப்பட்ட வேஷம் இவ்வளவு சுலபமாய்ப் பலிக்கக் காரணம் என்ன என்று பார்ப்போம். யந்திரம் மாத்திரம் காரணமல்ல. நம் ஜனங்களுக்கு அடையாளத்தைக் கண்டவுடன் அடங்கிப்போகின்ற பழக்கம் நெடுங்காலமாய் ஏற்பட்டுவிட்டது. காவியைக் கண்டால் சாமியார், காக்கியைக் கண்டால் போலீசு, சிவப்பு முத்திரையைக் கண்டால் கோர்ட்டு என்று, ஆளை விசாரிக்காமல் அடையாளத்துக்குக் கும்பிடு போடுகின்றோம். அந்தக் குனிந்த முதுகின்மேல்தான் திருடன் ஏறி உட்காருகின்றான்.

‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று ஒரு புதுப் பெயர் அடிபடுகின்றதை நேயர்கள் அறிவார்கள். போலீஸ் ஸ்டேஷன் நம்பர் போலவே ஒரு நம்பரைக் காட்டி, போலீஸ் உடுப்போடு வீடியோவில் தோன்றி, ‘உன்மேல் கேஸ் இருக்கின்றது, வீட்டை விட்டு அசையாதே, ஒருவரிடமும் சொல்லாதே, பணத்தைக் கட்டு’ என்று மிரட்டுவதுதான் அது. அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் கிடையாது என்று பிரதம மந்திரியே 2024 அக்டோபர் 27-ந் தேதி ரேடியோவில் பேசும்படி நேர்ந்தது. கோர்ட்டு உத்தரவுகளையே பொய்யாய்த் தயாரித்துக் காட்டிய சங்கதி வெளிவந்து, 2025 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு தானாகவே இவ்விஷயத்தைக் கையிலெடுத்து, டிசம்பரில் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டிருக்கின்றது. இதில் ஏமாந்தவர்கள் படிக்காதவர்கள் மாத்திரம் என்று நினைக்க வேண்டாம். டாக்டர்கள், பென்ஷன் வாங்கும் உத்தியோகஸ்தர்கள், இங்கிலீஷ் நன்கு படித்தவர்கள் ஏமாந்திருக்கின்றார்கள். படிப்பு வேறு, பகுத்தறிவு வேறு என்பதற்கு இதைவிட வேறு ருஜு வேண்டியதில்லை. ‘நீ யார், அதற்கு ஆதாரம் என்ன?’ என்று கேட்கின்ற தைரியம் இல்லாத பட்டம், திருடனுக்கு ஒரு பூட்டாகாது.

கம்பெனிகளின் பொறுப்பு

ஜனங்கள் ஜாக்கிரதையாய் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் கம்பெனிகளின் பொறுப்பும் சர்க்காரின் பொறுப்பும் தீர்ந்துவிடுமா? தீராது. வாயிற்கதவைத் திறந்து வைத்துவிட்டு, வீட்டிலிருப்பவர்களைப் பார்த்து விழித்துக்கொண்டிரு என்று சொல்லுகின்ற காவற்காரனுக்குச் சம்பளம் எதற்கு?

ஒரு கணக்கைப் பாருங்கள். 2024 அக்டோபர் 22-ந் தேதி மத்திய சர்க்காரின் தொலைத்தொடர்பு இலாகா, வெளிநாட்டிலிருந்து வருகின்ற கள்ள நம்பர் அழைப்புகளைத் தடுக்க ஒரு ஏற்பாட்டைத் தொடங்கிற்று. தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் 1 கோடியே 35 லட்சம் அழைப்புகள் கள்ள அழைப்புகள் என்று கண்டு தடுக்கப்பட்டனவாம். அதாவது, இந்திய நம்பரைக் காட்டிக்கொண்டு வெளிநாட்டிலிருந்து வந்த அழைப்புகளில் 100-க்கு 90 பொய்! இந்த ஏற்பாட்டின் சூட்சுமமும் மிகவும் சாதாரணமானது. காசிமேட்டுக்காரரின் சிம் இந்த நிமிஷத்தில் காசிமேட்டுக் கோபுரத்தோடுதான் பேசிக்கொண்டிருக்கின்றது என்பது அவருடைய கம்பெனிக்குத் தெரியும். அப்படியிருக்க, அதே நம்பரிலிருந்து வெளிநாட்டிலிருந்து ஒரு அழைப்பு வந்தால் அது பொய்யாகத்தானே இருக்க வேண்டும்? ஒரே ஆள் ஒரே சமயத்தில் இரண்டு தேசத்தில் இருப்பது புராணத்தில் நடக்கலாம், டெலிபோனில் நடக்காது. இவ்வளவு எளிய கேள்வியைக் கேட்பதற்கு 2024 வரையில் ஏன் காத்திருந்தார்கள்? ஒரே நாளில் 1 கோடிக்குமேல் என்றால், அதற்கு முந்திய வருஷங்களில் எத்தனை குடும்பம் அழுதிருக்கும்? இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் யார்?

தடுத்தது நல்ல காரியம். அதை நாம் மனப்பூர்வமாய் வரவேற்கின்றோம். ஆனால் திருடன் ஒரு வாசல் மூடினால் மற்றொரு வாசலைத் தேடுகின்றான். வெளிநாட்டு அழைப்பை இன்டர்நெட் வழியாய்க் கொண்டுவந்து, உள்ளூரில் ஒரு அறையில் ‘சிம் பாக்ஸ்’ என்கின்ற யந்திரத்தில் நூற்றுக்கணக்கான சிம்களைச் செருகி, உள்ளூர் அழைப்பாய் மாற்றி விடுகின்றான். அந்தச் சிம்கள் யார் பெயரில் வாங்கப்பட்டிருக்கும்? ஆதார் நகலை எங்கேயோ கொடுத்துவிட்டு மறந்துபோன ஏழைகளின் பெயரில்தான்.

அமெரிக்காவைப் பாருங்கள் என்று சிலர் சொல்லக்கூடும். அங்கே மோசம் செய்யும் எண்ணத்தோடு பொய் நம்பர் காட்டுவது குற்றம் என்று 2010-லேயே சட்டம் செய்தார்கள். 2021 ஜூன் முதல், கூப்பிடுகின்றவனுடைய கம்பெனி ‘இந்த நம்பர் உண்மைதான்’ என்று ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்றும் ஏற்பாடு செய்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததென்ன? 2024 ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில், தேர்தலுக்கு இரண்டு நாளைக்கு முன், ஜனாதிபதி பைடனின் குரலைப்போல யந்திரத்தில் செய்த ஒரு பொய்க் குரல், ஓட்டுப் போட வராதீர்கள் என்று ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் பேசிற்று. காட்டப்பட்ட நம்பரோ அதே கட்சியின் மாகாணத் தலைவராய் முன்பு இருந்த ஒரு அம்மையாரின் சொந்த நம்பர். பழி அவர் வீட்டு வாசலில் வந்து நின்றது. அந்த அழைப்பைக் கடத்திய கம்பெனி அதற்கு ‘உண்மைதான்’ என்று முதல்தர நற்சாட்சியும் கொடுத்திருந்தது! பிறகு ஏற்பாடு செய்த அரசியல் தரகருக்கு 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தார்கள். கம்பெனியும் 10 லட்சம் டாலர் கட்டும்படி ஆயிற்று. ஆகவே முத்திரை இருந்தால் மட்டும் போதாது, முத்திரை குத்துகின்றவன் பார்த்துக் குத்த வேண்டும், பார்க்காமல் குத்தினால் அவன் பை வலிக்க வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடமாகும்.

இங்கே கூப்பிடுகின்றவரின் பெயரும் திரையில் தெரியும்படி செய்ய வேண்டும் என்று டிராய் என்னும் தொலைத்தொடர்பு ஆணையம் 2024 பிப்ரவரியில் சிபாரிசு செய்தது. நல்லதுதான். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். நம்பர் பொய்யாயிருந்தால், அந்த நம்பருக்குரிய பெயர் யாருடையது? நிரபராதியினுடையது. ஆகவே நம்பர் உண்மையா என்று முதலில் பரீட்சிக்காமல் பெயரை மட்டும் காட்டினால், இதுவரை நம்பரோடு நின்ற பழி இனிமேல் பெயரோடு போய்ச் சேரும். திருடனுக்கு இதுவரை கொடுத்த வேஷத்தோடு ஒரு பெயர்ப் பலகையும் கொடுத்தது போலாகும்.

சட்டம் இல்லாமலில்லை. 2023-ம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டத்தில், டெலிபோன் அடையாளத்தைத் திருத்தி மோசம் செய்கின்றவர்களுக்கு 3 வருஷம் வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமிருக்கின்றது. ஆனால் சட்டம் புத்தகத்தில் இருந்தால் திருடன் படித்துப் பயந்துவிடுவானா? கள்ள அழைப்பைக் கைமாற்றிவிட்ட கம்பெனி ஒவ்வொன்றும் அதற்கு ஜவாப் சொல்ல வேண்டும். நம்பர் களவுபோனவர் மனுக் கொடுத்தால் இத்தனை நாளுக்குள் விசாரித்து, ‘இவர் நம்பரிலிருந்து இந்த அழைப்புகள் போகவில்லை’ என்று எழுத்து மூலம் ஒரு சான்று கொடுக்க வேண்டும். பணம் போனவருக்கு ஒரு ரசீதாவது கிடைக்கின்றது. மானம் போனவருக்கு ஒரு துண்டுக் காகிதம் கொடுப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?

மறுமுனையில் இருப்பவன் யார்?

மறுமுனையில் பேசுகின்றவனைப்பற்றியும் ஒரு வார்த்தை. அவர்கள் எல்லோருமே கொழுத்த திருடர்கள் என்று சொல்லிவிட முடியாது. வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை என்று ஆசை காட்டி அழைத்துப்போய், மியன்மாரில் மியாவாடி என்னும் எல்லைப் பிரதேசத்தில் அடைத்துவைத்து, அடித்து, இந்த மோசடியைச் செய்யச் சொன்னதிலிருந்து 2022-இல் தமிழ் இளைஞர்கள் மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். 2025 மார்ச்சில் அதே மாதிரியான இடங்களிலிருந்து 500-க்கு மேற்பட்ட இந்தியர்கள் விமானத்தில் அழைத்து வரப்பட்டார்கள். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் வேலை தேடி அலைகின்ற வாலிபர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கப்பலில் வேலை, தாய்லாந்தில் வேலை என்று முன்பணம் கேட்கின்ற தரகன் சொல்லுவதை, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்க அவனுக்கு சர்க்கார் லைசென்ஸ் உண்டா என்று விசாரிக்காமல் நம்பக்கூடாது. மாதம் சில ஆயிரம் தருகின்றேன், உன் சிம்மையும் பாங்குக் கணக்கையும் கொடு என்று கேட்கின்றவனுக்குக் கொடுப்பதும், வீட்டுச் சாவியைக் கொள்ளைக்காரனுக்கு வாடகைக்கு விடுவதும் ஒன்றுதான். முதலில் ஜெயிலுக்குப் போகின்றவன் சாவி கொடுத்தவனே.

என்ன செய்ய வேண்டும்?

இனி, தங்கள் நம்பர் இப்படிக் களவுபோனால் என்ன செய்வது என்பதைச் சொல்லுகின்றோம். இதை வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசிக்கத் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

முதலாவது, பயப்பட வேண்டாம். நம்பரை அவசரப்பட்டு மாற்றவும் வேண்டாம். திருடன் ஒரே நம்பரை நெடுநாள் வைத்துக் கொண்டிருப்பதில்லை. ஜனங்கள் உஷாரானவுடன் வேறொருவர் நம்பருக்குப் போய்விடுகின்றான். நீங்களோ பத்து வருஷப் பழக்கத்தை இழந்துவிடுவீர்கள். பாங்கு, ஆதார், காஸ் எல்லாம் அந்த நம்பரோடு கட்டப்பட்டிருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டாவது, நடந்தது வெறும் வேஷந்தானா, அல்லது உங்கள் சிம்மிலேயே கை வைத்துவிட்டானா என்று பரீட்சித்துக் கொள்ளுங்கள். வெறும் வேஷமானால் உங்கள் போன் எப்போதும்போல் வேலை செய்யும். திடீரென்று சிக்னலே இல்லாமற்போய், நெடுநேரம் திரும்பவும் வராவிட்டால், உங்கள் பெயரில் வேறு சிம் வாங்கிவிட்டான் என்று சந்தேகித்து, உடனே வேறொரு போனிலிருந்து கம்பெனிக்கும் பாங்குக்கும் சொல்ல வேண்டும். உங்களுக்கு வருகின்ற அழைப்பை வேறு நம்பருக்குத் திருப்பிவிட்டிருக்கின்றானா என்று அறிய *#21# என்று அழுத்திப் பாருங்கள். திருப்பியிருந்தால் ##002# என்று அழுத்தினால் எல்லாம் ரத்தாகிவிடும். உங்கள் பெயரில் எத்தனை சிம்கள் இருக்கின்றன என்பதை சர்க்காரின் ‘சஞ்சார் சாத்தி’ மூலம் பார்க்கலாம். நீங்கள் வாங்காதது இருந்தால் அதிலேயே ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

மூன்றாவது, கம்பெனிக்குப் புகார் செய்து, புகார் நம்பரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் போனிலிருந்து வெளியே போன அழைப்புகளின் ஜாபிதாவையும் கேட்டு வாங்குங்கள். நீங்கள் அந்த ஆட்களைக் கூப்பிடவில்லை என்பதற்கு அதுதான் உங்கள் கையிலிருக்கின்ற நல்ல சாட்சி. சஞ்சார் சாத்தியிலுள்ள ‘சக்ஷு’ என்ற பகுதியிலும், சைபர் குற்றப் புகார் ஏற்கும் சர்க்கார் தளத்திலும் எழுதிக் கொடுத்து, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் வெளியூர்ப் போலீசார் விசாரிக்க வந்தால், ‘நானே முதலில் சொன்னேன்’ என்று காட்ட அது உதவும்.

நான்காவது, வைகின்றவர்களைத் திருப்பி வையாதீர்கள். அவரும் உங்களைப்போல் அடிபட்டவர்தான். “ஐயா, என் நம்பரை யாரோ பொய்யாய்க் காட்டியிருக்கின்றான், நானும் புகார் செய்திருக்கின்றேன், பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்குச் சொல்லுங்கள்” என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்கு ஓடுவதற்குள் சொன்னால் வழியில் மறிக்க இடமுண்டு. ஒரு நாள் கழித்துச் சொன்னால் பெரும்பாலும் ஓட்டம் முடிந்துவிடும். கோபமாய் வந்த ஒருவரை இப்படி அனுப்பினால் அவர் பணத்தில் கொஞ்சமாவது மிஞ்சலாம்.

இனி, இப்படிப்பட்ட அழைப்பைப் பெறுகின்றவர்களுக்கு ஒரே ஒரு விதிதான். திரையில் எந்த நம்பர் தெரிந்தாலும், எந்தப் பெயர் தெரிந்தாலும், பணமோ ஓ.டி.பி.யோ கேட்டால் பேச்சை வெட்டுங்கள். பாங்கென்றால் பாஸ் புத்தகத்தில் அச்சடித்திருக்கின்ற நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள். போலீசென்றால் பக்கத்து ஸ்டேஷனுக்கு நேரில் போங்கள். மகன் குரலில் அழுதாலும், மகன் நம்பருக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். பொய் நம்பரிலிருந்து திருடன் உங்களை அழைக்க முடியும். ஆனால் அந்த நம்பருக்கு நீங்கள் அழைத்தால் சாதாரணமாக அது உண்மையான சொந்தக்காரரிடந்தான் போகும். அப்படிக் கூப்பிட்டபோது ஒரு ஐஸ் வியாபாரி எடுத்தால், திருடன் அகப்பட்டான் என்று குதிக்காமல், நம்மைப்போல் ஒருவர் அகப்பட்டிருக்கின்றார் என்று உணருங்கள்.

தோழர்களே! திருடன் நம்மிடத்தில் எடுப்பது பணத்தையும் நம்பரையும் மாத்திரமல்ல. ஏமாந்த இருவரையும் ஒருவர்மேல் ஒருவரை ஏவிவிட்டுத் தான் தப்பித்துக் கொள்ளுகின்றான். ஏமாந்தவர்கள் ஒருவரையொருவர் வைகின்ற வரையில் கள்ள அழைப்பைக் கடத்திவிட்ட கம்பெனியை யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. ஆதலால் இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய இடங்களிலுள்ள தொழிலாளர் சங்கங்களும், மீனவர் சங்கங்களும், படிப்பகங்களும் இதை ஒரு கூட்டத்திலாவது பேசி, நம்பர் களவுபோனவர்களைத் தனியாய் விடாமல், கூட நின்று புகார் எழுதிக் கொடுக்கவும், கம்பெனிகளிடமும் சர்க்காரிடமும் எழுத்து மூலம் ஜவாப் கேட்கவும் முன்வர வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.